கிழக்குப் பாதி

மரம் வெட்டும் முகாமில் அவரைச் சீப்பு என்றுதான் கூப்பிடுவார்கள். தலையில் இருப்பது காதோரம் நாலு முடி. அதற்கும் இந்தப் பட்டப்பெயருக்கும் சம்பந்தமில்லை. வெட்டிச் சாய்த்த மரத்தைக் காட்டுக்குள்ளிருந்து சாலையோரக் களம் வரைக்கும் சங்கிலிச் சக்கர வண்டியால் இழுத்துக்கொண்டு வருவது அவர் தொழில். மற்றவர்கள் ஓட்டிய பாதையில் நடந்தால் முழங்கால் வரை சேறு. சீப்பு ஓட்டிய பாதையில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போய்வரலாம். அவ்வளவு சுத்தமாகச் சீவி வகிடு எடுத்திருப்பார். பெயர் வைத்தவன் கேலிக்கு வைத்தானா, மெச்சி வைத்தானா என்று அவர் விசாரித்ததில்லை. பாராட்டு என்றே எடுத்துக்கொண்டார். தனக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ள முடிந்ததை எந்த மனிதன் விட்டிருக்கிறான்?

அந்தச் சுத்தத்தின் சூட்சுமம் வண்டியின் முன்பக்கத்து பிளேடு. மழை பெய்துவிட்டால் காட்டின் மேல்மண் சருகும் வேரும் குழைந்து சொதசொதவென்று ஆகிவிடும். சங்கிலி வழுக்கும். வண்டி நின்ற இடத்திலேயே நின்று உறுமும். சீப்பு பிளேடை இறக்குவார், ஒரே தள்ளு. சருகு, வேர், கறுப்பு மண் எல்லாம் இரண்டு பக்கமும் வரப்பாக ஒதுங்கும். அடியிலிருந்து மஞ்சள் களிமண் தலைகாட்டும். அதன்மேல் வண்டி சிமெண்டுத் தரையில் போவதுபோலப் போகும். மற்றவன் மழை வெறிக்கட்டும் என்று பீடி பற்றவைத்து உட்கார்ந்திருக்கும்போது இவர் இரண்டு மரம் கூடுதலாக இழுத்துவிடுவார்.

இழுவைப் பாதையில் பிளேடு தரையைத் தொடக் கூடாது என்று விதிப் புத்தகத்தில் எழுதியிருந்தது. அந்தப் புத்தகம் அலுவலகத்தில் ஆடுகிற மேஜைக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தது. ‘சிறந்த ஓட்டுநர்’ என்ற கேடயத்தை அந்த மேஜைமேல் வைத்துத்தான் மூன்று வருஷம் அவருக்குக் கொடுத்தார்கள். அப்புறம் யார் படிப்பார்கள் புத்தகத்தை?

படித்தவர் ஒருவர் இருந்தார். சீப்புவைவிட இரண்டு வயது மூத்தவர், வெட்டுக்கு என்று அளந்து பிரித்த காட்டுத் துண்டை பிளாக்கு என்பார்கள், அதே பிளாக்கில் இன்னொரு வண்டி ஓட்டியவர். அவருக்கு ஆமை என்று பெயர். மழை பெய்தால் வண்டியை அணைத்துவிடுவார். வெட்டுப்பட்ட மரத்தின் கிளைகளை இழுத்துப் பாதையில் பரப்பி, அதன்மேல்தான் சங்கிலியை ஏற்றுவார். மரம் எட்டக் கிடந்தால் வண்டியைக் காட்டுக்குள் விடாமல் இரும்புக் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு முப்பது அடி நடந்துபோய்க் கட்டிவிட்டு வருவார். கேட்டால், “மேல இருக்கிற நாலு விரக்கடை மண்ணுதான்டா தம்பி காடு. மிச்சமெல்லாம் வெறும் களிமண்ணு” என்பார். சீப்பு சிரிப்பார். எல்லோரும் சிரித்தார்கள். ஆமை சொன்னது சரி என்று ஊர் ஒத்துக்கொள்ள இருபத்தெட்டு வருஷம் ஆயிற்று.

காட்டில் ஒரு தடவை வெட்டிய பிளாக்கை முப்பது வருஷம் தொடுவதில்லை. மரத்தின் தண்டை மட்டும் எடுத்துக்கொண்டு, கிளை, இலை, பட்டை எல்லாவற்றையும் விழுந்த இடத்திலேயே விட்டுவிட்டால் காடு அதைத் தின்று மறுபடி தலையெடுக்கும் என்பது கணக்கு. சீப்புவும் ஆமையும் ஓட்டிய பிளாக்குக்கு அடுத்த முறை நெருங்கியது. மறுபடி வெட்டலாமா என்று பார்த்துச் சொல்ல மண் பரிசோதிக்கும் ஒருத்தியை முகாமில் வேலைக்கு எடுத்திருந்தார்கள். அவள் வேறு யாருமில்லை, சீப்புவின் ஒரே மகள். “அப்பன் மண்ணை வழிச்சாரு, பொண்ணு அள்ளிப் பாக்கிறா” என்று களத்தில் ஒருவன் விளையாட்டாகச் சொன்னான். சீப்புவும் சேர்ந்துதான் சிரித்தார்.

அலுவலகத்தின் பின்னறைதான் அவள் இடம். ஒரு தராசு, சருகு காயவைக்கும் சின்ன அடுப்புப் பெட்டி, சுவர் நெடுக எண் ஒட்டிய தகர டப்பாக்கள். மகளுக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோகிற சாக்கில் சீப்பு தினமும் அங்கே ஒரு நடை போவார். புது ஓட்டுநர்களுக்குப் பயிற்சி கொடுப்பது இப்போது அவர் பொறுப்பு; ஓய்வுபெற எட்டு மாதம் பாக்கி. மகள் சொல்வதில் பாதி புரியாது. புரிந்த மாதிரி தலையை ஆட்டிக் கேட்பதில் அவருக்கு ஒரு சுகம்.

அன்றைக்கு அவள் சாப்பாட்டைத் திறக்கவில்லை. மேஜைமேல் இரண்டு டப்பா. ஒன்றில் கறுப்பு மண், அதில் வெள்ளை நூல்நூலாக ஏதோ ஓடியது. மற்றதில் மஞ்சளாக ஒரு கட்டி.

“ரெண்டும் ஒரே பிளாக்குப்பா. நீங்க ஓட்டின பிளாக்கு. மேற்குப் பாதியில இழுவைப் பாதை எங்க இருந்துச்சுன்னே கண்டுபிடிக்க முடியல. தொடைப் பருமனுக்கு மரம் நிக்குது. கம்பியைக் குத்தினா முழங்கை ஆழம் இறங்குது.”

“கிழக்குல?”

“ரெண்டு விரக்கடைக்கு மேல இறங்கல. பாதை அப்படியே இருக்கு, நேத்து ஓட்டின மாதிரி. பாசி, கோரை, அவ்வளவுதான். மழை பெஞ்சா மஞ்சத் தண்ணி ஆத்துக்கு ஓடுது.”

சீப்பு கட்டியை எடுத்துப் பார்த்தார். ஏதாவது கேட்க வேண்டுமே என்பதற்காக, “உரம் கிரம் போட்டா வராதா?” என்றார்.

அவள் பெருமூச்சு விட்டாள். “அப்பா, இந்தக் காடு வெளிய பாக்கத்தான் கோடீஸ்வரன். உள்ள அன்றாடங்காய்ச்சி. இலை விழுது, மக்குது, உடனே இந்த வெள்ளைப் பூஞ்சையும் மயிர்வேரும் அதை உறிஞ்சி மறுபடி மரத்துக்கு அனுப்பிடுது. சேமிப்புன்னு அடியில ஒன்னும் கிடையாது. அன்னன்னிக்கு வர்றது அன்னன்னிக்குச் செலவு. அந்த அடுப்பையே பேத்து ஓரமாத் தள்ளிட்டா அப்புறம் எதுல காய்ச்சுறது? பிளேடால வழிச்சிருக்கான்ப்பா. ஒரு பாதை ரெண்டு பாதை இல்ல. கிழக்குப் பாதி பூராவும். இப்படிப் பண்ணினவனுக்குக் கை விளங்குமா?”

சீப்பு கட்டியைத் திரும்ப டப்பாவுக்குள் வைத்தார்.

“அந்த பிளாக்குல ரெண்டே பேர்தான் ஓட்டியிருக்கீங்க. நீங்களும் ஆமை பெரியப்பாவும். யாரு எந்தப் பக்கம்னு பதிவேட்டுல இல்ல. கிழக்கு யாருப்பா ஓட்டினது?”

“ஆமைதான்” என்றார்.

யோசித்துச் சொன்ன பொய் என்றால் கூட மன்னிக்கலாம். இது யோசிக்காமல் வந்தது. கை விளங்குமா என்று கேட்ட மறுநிமிஷம் அந்தக் கையை எந்தத் தகப்பன் மகளிடம் நீட்டுவான்? அவள் குனிந்து எழுதிக்கொண்டாள். “மெதுவா ஓட்டுறவர்னு பேரு, பண்ணின வேலையைப் பாரு” என்று முணுமுணுத்தாள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். சீப்பு காலிப் பாத்திரத்துக்காகக் காத்திராமலே வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

ஆமை எப்போதோ போய்விட்டார், செத்தவன் வந்து சாட்சி சொல்லப்போவதில்லை, அறிக்கையில் ஒரு வரி, யார் படிக்கப்போகிறார்கள் என்று அவர் தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டார். படிக்கிறவன் ஒருவன் எப்போதும் இருப்பான். இந்தமுறை அது முகாம் மேலாளர். வெளியிலிருந்து வரும் பொறியாளர்களுக்குக் குடியிருப்பு போதவில்லை என்று மூன்று மாதமாக அலைந்துகொண்டிருந்த மனிதர் அவர். மூன்றாவது வரிசையில் கடைசி வீட்டில் ஆமையின் மனைவி தனியாக இருந்தாள். புருஷன் விபத்தில் இறந்தார், ஓட்டியவர்மேல் தவறில்லை என்று எழுதி, ஆயுள் முழுக்க இருந்துகொள்ளலாம் என்று நிறுவனம் கொடுத்த வீடு. இப்போது அறிக்கை சொல்கிறது, அந்த ஓட்டுநர் வாடிக்கையாக விதியை மீறுகிறவர் என்று. அப்படியானால் அந்த விபத்திலும் தவறு யார்மேல்? விசாரணையை மறுபடி திறப்பதாகவும், ஒரு மாதத்துக்குள் வீட்டைக் காலிசெய்யத் தயாராக இருக்கும்படியும் கடிதம் போய்விட்டது.

சீப்புவுக்கு இது தெரிந்தது கருவிக் கொட்டகையில். மரம் அறுக்கும் எந்திரத்தின் சங்கிலிகளுக்குக் கூர் போடுவது ஆமையின் மனைவிக்கு வேலை; சீப்புவுக்கு அவள் அண்ணி. ஆமை போன பிறகு இரக்கப்பட்டுக் கொடுத்த வேலைதான், ஆனால் அவள் கூர் போட்ட சங்கிலி கட்டைக்குள் வழுக்கிக்கொண்டு இறங்கும் என்று அறுப்பவர்கள் வரிசையில் நிற்பார்கள். மூக்குநுனியில் கண்ணாடி, கையில் அரம், எதிரே பிடிக்கட்டையில் சங்கிலி. சீப்பு போனபோது அந்தக் கடிதம் எண்ணெய் டப்பாவுக்கு அடியில் இருந்தது.

“படிச்சீங்களா தம்பி?” என்று கேட்டாள். தள்ளி வைத்தாள், அவர் படித்தார். வெகுநேரம் படித்தார். அது நாலு வரிக் கடிதம்.

“எங்க போவீங்க அண்ணி?”

“பாக்கணும்.” அரம் இரண்டு தடவை போய்வந்தது. “அவரு பிளேடு இறக்கினாருன்னு எழுதியிருக்காங்க.”  அழுதிருந்தாலோ, திட்டியிருந்தாலோ சீப்பு எதையாவது சொல்லியிருப்பார். அவள் சங்கிலியின் அடுத்த பல்லுக்குப் போய்விட்டாள். இவர், “நான் ஆபீஸ்ல பேசிப் பாக்கிறேன்” என்று சொல்லிக்கொண்டு வெளியே வந்தார்.

எதைப் பேசிப் பார்ப்பது? பேச வேண்டிய சமயம் ஒன்று முன்னாலேயே வந்து போயிருந்தது. அந்த பிளாக்கை முடிக்கிற சமயத்தில் அப்போதைய மேலாளர் இவரைக் கூப்பிட்டு, “உன் கூட்டாளி உன்னில் பாதிதான் இழுக்கிறான். வண்டியில கோளாறா?” என்று கேட்டார். கோளாறு வண்டியில் இல்லை, அவர் பிளேடை இறக்குவதில்லை, நான் இறக்குகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். சீப்பு சிரித்துக்கொண்டே, “வண்டி நல்லாத்தான் சார் இருக்கு. அவரு சுபாவமே அப்படி” என்றார். மேலாளரும் சிரித்தார். அடுத்த வாரம் ஆமையை யாரும் போக விரும்பாத சரிவுப் பிளாக்குக்கு மாற்றினார்கள். நாலாவது மாதம் மழையில் சரிவு உட்கார்ந்தது, வண்டி உருண்டது. உடலைத் தூக்கியவர்களில் சீப்புவும் ஒருவர். முன்பக்கம் தோள் கொடுத்தார். இருபத்தேழு வருஷம் அதை மழையின் தலையில் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கிய மனிதர், அந்தக் கடிதம் வந்த நாளிலிருந்து தூங்கவில்லை.

வீட்டில் மனைவி இரண்டு நாள் பார்த்தாள். மூன்றாம் நாள் காலையில், “வயித்துல ஏதோ கெடக்குது. ஒன்னு துப்புங்க, இல்ல டாக்டரைப் பாருங்க. ரெண்டும் இல்லாம என் உயிரை வாங்காதீங்க” என்றாள். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிழக்குப் பாதிக்குப் போனார்.

தன் பாதையை அடையாளம் காண அவருக்கு நிமிஷம்கூட ஆகவில்லை. அதுதான் கொடுமை. எந்த வளைவில் வண்டியை ஒடித்தார், எந்த இடத்தில் பின்னால் எடுத்தார் என்பதுகூடத் தரையில் தெரிந்தது. இருபுறமும் இவர் தள்ளிய வரப்பில் மரம் நெருக்கியடித்து வளர்ந்திருந்தது. தின்னக் கிடைத்தது எல்லாம் அங்கேதான் கிடந்தது. நடுவில் வண்டியகலத்துக்கு மொட்டைத் தரை. குதிகாலால் ஓங்கி உதைத்தார். வலி முட்டிவரைக்கும் ஏறியது. மேற்குப் பக்கம் போய்ப் பார்த்தார், ஆமையின் பாதை எது என்று தேடினார், கடைசிவரைக்கும் கிடைக்கவில்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது. யாரும் பார்க்காத இடத்திலும் மனிதனுக்கு வெட்கம் வரும் என்பதை ஐம்பத்தெட்டு வயதில் தெரிந்துகொண்டார்.

அங்கிருந்து நேராக மகளின் அறைக்கு வந்தார். அவள் சருகை எடை போட்டுக்கொண்டிருந்தாள்.

“கிழக்கு நான்தாம்மா ஓட்டினேன்.”

அவள் தராசு முள் நிற்கும்வரை பார்த்தாள், எண்ணை எழுதினாள், பிறகுதான் நிமிர்ந்தாள். “அன்னைக்குக் கேட்டேனே.”

“பொய் சொன்னேன்.”

“நான் கையெழுத்துப் போட்டிருக்கேன்ப்பா. அந்தக் கடிதம் என் அறிக்கையை வெச்சுப் போயிருக்கு. பெரியம்மா வீடு.” குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும். “என்கிட்ட ஏன்ப்பா?”

“உன்கிட்டங்கிறதாலதான்.”

இருவரும் மேலாளரிடம் போனார்கள். அவர் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார். “என்னய்யா நீங்க? இருபத்தெட்டு வருஷத்துக் கதை. எட்டு மாசத்துல ஓய்வு. புது ஆளுங்களுக்குப் பயிற்சி கொடுக்கிறவரே வழிச்சவர்னு எழுதினா, வர்ற சோதனைக்காரங்க நம்மளைக் காறித் துப்ப மாட்டாங்களா? போனவர் போயிட்டார். அவருக்கு இனிமே என்ன குறையப்போகுது?”

“வீடு குறையுது சார்” என்றார் சீப்பு.

“அந்த அம்மாவுக்கு வேற ஏதாவது பார்த்துக் கொடுக்கலாம்.”

மகள் அதற்குள் அறிக்கையின் நகலை மேஜைமேல் விரித்துவிட்டாள். ஆமை என்று அடைப்புக்குறிக்குள் இருந்த வரியைக் கோடிட்டு அடித்தாள். மேலே, முகாமில் ஒருவர்கூடக் கூப்பிட்டறியாத தகப்பனின் முழுப்பெயரை எழுதினாள். எழுதும்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை. திருத்தத்துக்குப் பக்கத்தில் கையெழுத்தும் தேதியும் போட்டு, “தலைமை அலுவலகத்துக்கு நானே அனுப்பிடுறேன் சார்” என்று எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மேலாளர் சீப்புவைப் பார்த்து, “நல்லாத்தான் வளர்த்திருக்கீங்க” என்றார். அது திட்டு என்று அவருக்குத் தெரிந்தது. இந்தத் தடவை அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

பத்து நாளில் பயிற்சி வேலையை வேறொருவருக்குக் கொடுத்தார்கள். களத்தில் மரம் எண்ணச் சொன்னார்கள். கிழக்குப் பாதியை இனி வெட்டுவதில்லை என்று முடிவாயிற்று. மொட்டைத் தரையைக் கிளறி, கிளையும் பட்டையும் சருகும் கொண்டுபோய்ப் பரப்பிப் பார்க்கலாம் என்று மகள் எழுதிக் கொடுத்திருந்தாள். எழுந்திருக்குமா என்று கேட்டதற்கு, “என் காலத்துல தெரியாது” என்றாள். வீட்டில் அவரோடு பேசினாள், தேவைக்குப் பேசினாள். மதியச் சாப்பாட்டைக் காலையிலேயே தானே கட்டி எடுத்துக்கொண்டு போக ஆரம்பித்தாள். அது அவருக்கு எதைவிடவும் வலித்தது.

அண்ணியின் கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அதைச் சொல்ல சீப்பு கருவிக் கொட்டகைக்குப் போனார். வழியெல்லாம் என்ன சொல்ல வேண்டும் என்று வார்த்தையைக் கோத்துக்கொண்டே போனார்.

“வீடு போகாது அண்ணி.”

“தெரியும். உங்க பொண்ணு வந்து சொல்லிட்டா. கொஞ்ச நேரம் உக்காந்திருந்துட்டுப் போனா.” அவள் ஒரு பெட்டியைக் காலால் நகர்த்தினாள், அவர் உட்கார்ந்தார்.

“கிழக்கு நான்தான்.”

“அதுவும் தெரியும். அன்னைக்கே தெரியும். உங்க பாதை பளபளன்னு இருக்கும்னு அவரு வந்து சொல்லுவாரு.”

“அப்ப ஏன் அண்ணி நீங்க ஒரு வார்த்தை சொல்லல?”

“வீட்டுக்காகச் சொல்றேன்னு ஆயிடும் தம்பி.” கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தாள். கோத்துக்கொண்டு வந்த வார்த்தைகளைச் சொல்ல இதுதான் சமயம் என்று சீப்பு வாயைத் திறந்தார். அவள் முந்திக்கொண்டாள்.

“உங்களை ஒன்னு கேக்கணும். வெகுகாலமா கேக்கணும்னு இருக்கு. உங்களை அந்த மேலாளரு ஆபீசுக்குக் கூப்பிட்டு விட்டாரில்ல, இவரு ஏன் கம்மியா இழுக்கிறாருன்னு கேக்க? அன்னைக்குச் சாயங்காலம் இவரு அவ்வளவு சந்தோஷமா வந்தாரு. ‘நல்லவேளை, தம்பியைக் கூப்பிட்டுக் கேட்டிருக்காங்க. நான் ஏன் மெதுவா ஓட்டுறேன்னு அவனுக்குத்தான் தெரியும். அவன் சொல்லியிருப்பான், இனிமே யாரும் என்னைக் கேக்க மாட்டாங்க’ன்னாரு. அடுத்த வாரம் சரிவுக்குப் போகச் சொல்லிட்டாங்க. அப்பவும், ‘அவன் சொல்லித்தான் பாத்திருப்பான், அவங்க காதுல வாங்கலை போலிருக்கு’ன்னாரு. கடைசி வரைக்கும் அப்படித்தான் சொல்லிக்கிட்டிருந்தாரு.”

அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவரைப் பார்த்தாள்.

“சொன்னீங்களா தம்பி?”

வெளியே யாரோ சங்கிலி கேட்டுக் கூப்பிட்டார்கள். அவள் இருங்கள் என்று கையைக் காட்டினாள், கண்ணை எடுக்கவில்லை.

“இல்ல அண்ணி” என்றார் சீப்பு.

 அவள் அரத்தை எடுத்து, விட்ட பல்லைத் தேடி, வேலையைத் தொடர்ந்தாள்.